உங்களுக்குத் தெரியுமா? குமிழியின் கணக்கு

செம்பு, துத்தநாகம், காரீயம் போன்ற உலோகங்களின் தாதுவைப் பிரித்தெடுப்பதில் பெரும்பங்கு வகிப்பது காற்றுக்குமிழிதான்!

பிளஸ் டூ வேதியியலில் வரும் நுரை மிதப்பு முறை இதுதான். அரைத்த தாதுவைத் தண்ணீரில் கலக்கி, சாந்தேட் போன்ற வேதிப்பொருளைச் சேர்த்துக் காற்றை ஊதுவார்கள். அந்த வேதிப்பொருள் படிந்ததால் தண்ணீர் ஒட்டாத தாதுத்துகள், குமிழியைப் பற்றிக்கொண்டு நுரையாக மேலே வரும். கழிவுமண் அடியில் தங்கிவிடும்.

சிக்கல் எங்கே? துகள் 20 மைக்ரோமீட்டரை விடச் சிறியதானால் குமிழியில் மோதுவதே அரிது. அதற்கு எடையே போதாது. குமிழியைச் சுற்றி ஓடும் தண்ணீரோடு வளைந்து நழுவிவிடும். பெரிய துகளுக்கோ எதிர்மாறான கதை: ஒட்டினாலும், தொட்டியின் சுழலில் பிய்ந்து விழும்.

இப்படி நழுவும் நுண்துகள்களை மீட்கவே, 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஹொரைசன் 2020’ நிதியில் ‘ஃபைன்ஃபியூச்சர்’ திட்டம் தொடங்கியது. ஜெர்மனியின் டிரெஸ்டன்-ரோசன்டார்ஃப் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையம் ஒருங்கிணைக்க, பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் சுரங்க நிறுவனங்களும் கைகோத்தன.

துகளுக்கும் குமிழிக்கும் இடையே நடப்பவை மூன்று: மோதல், ஒட்டுதல், பிரிதல். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சமன்பாடாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதே, இத்தகைய ஆய்வுகளுக்கு உதவும் மாதிரியாக்கம். குமிழியின் அளவையோ சுழற்சியின் வேகத்தையோ மாற்றினால் என்ன நடக்கும் என்பதை, ஆலையில் கை வைக்கும் முன்பே ஓரளவு கணிக்கலாம்.

இதன் பலன் பெரிது. நழுவிய உலோகம் கழிவுக் குட்டைகளில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. அதை மீட்கும் வழி தெரிந்தால், பழைய கழிவும் புதிய தாதுவாகும்.