பொருட்காட்சி முடிந்த பின்னர் எஞ்சும் சீருடைகள்

பொருட்காட்சி ஒன்று நிறைவுற்றதும் அதன் மண்டபங்கள் கழற்றப்படுகின்றன. மாதக்கணக்கில் மக்கள் வெள்ளம் அலைமோதிய வளவு வெறுமையாகி விடுகின்றது. ஆனால், அங்கு பணியாற்றிய ஒருவர் அணிந்த மேலங்கியோ, தொப்பியோ, நெஞ்சில் குத்தியிருந்த சின்னமோ எங்கோ ஒரு வீட்டின் அலுமாரியில் எஞ்சிவிடுகின்றது. அவ்வாறு எஞ்சியவற்றைத் தேடிச் சேகரிப்பது மேல்நாடுகளிலும் ஜப்பானிலும் பலருக்கு உரிய பொழுதுபோக்காகும். அது வெறும் பொழுதுபோக்கு மட்டும்தானா என்பதையே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

உலகப் பொருட்காட்சிகளின் தாய் எனக் கருதப்படுவது 1851ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியாகும். ஜோசப் பக்ஸ்டன் வடிவமைத்த கண்ணாடி மாளிகையை ஐந்தரை மாதங்களில் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் பார்வையிட்டனர். கிடைத்த இலாபமான சுமார் 1,86,000 பவுண்கள், இன்று விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலை உள்ளிட்ட தென் கென்சிங்டன் நிறுவனங்கள் உருவாக அடித்தளமிட்டன. மாளிகையோ வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டு 1936இல் தீக்கிரையானது. கட்டடம் அழிந்தது, அதன் படம் பொறித்த பதக்கங்களும் அச்சுப்படங்களும் இன்றும் கைமாறிக் கொண்டிருக்கின்றன.

ஞாபகார்த்தப் பொருட்களைத் திட்டமிட்டு உற்பத்தி செய்து விற்பதைப் பெரு வணிகமாக்கியது 1893ஆம் ஆண்டின் சிக்காகோ பொருட்காட்சி எனலாம். அதனையொட்டி அமெரிக்கா 16 பெறுமதிகளில் முத்திரைகளை வெளியிட்டது. அரை டொலர் பெறுமதியுள்ள ஞாபகார்த்த நாணயம் ஒரு டொலருக்கு விற்கப்பட்டது. ஹெயின்ஸ் நிறுவனம், மாடியிலிருந்த தனது கூடத்திற்கு மக்களை வரவழைக்க, ஊறுகாய் வெள்ளரிக்காய் வடிவிலான சிறு சின்னத்தை இலவசமாகக் கொடுத்தது. 1939ஆம் ஆண்டின் நியூயோர்க் பொருட்காட்சியில் ஜெனரல் மோட்டோர்ஸ் மண்டபத்தை விட்டு வெளியேறியோர் 'நான் எதிர்காலத்தைக் கண்டேன்' என்ற வாசகம் பொறித்த பொத்தான் சின்னத்துடன் சென்றனர். அந்த எதிர்காலம் போராகவே வந்தது. பொருட்காட்சியின் அடையாளமாக நின்ற கோபுரத்தினதும் கோளத்தினதும் உருக்கு, ஆயுத உற்பத்திக்கென உடைத்தெடுக்கப்பட்டது.

இத்தகைய சின்னங்கள் இலட்சக்கணக்கில் உருவானவை. சீருடை அவ்வாறன்று. அது எண்ணி வழங்கப்பட்டது. பல வேளைகளில் பணி முடிந்ததும் மீளக் கையளிக்க வேண்டியிருந்தது. எஞ்சியதும் உடுத்திக் கிழிந்தது அல்லது அந்துப்பூச்சிக்கு இரையானது. அதனாலேயே சேகரிப்போர் மத்தியில் சீருடைக்குத் தனி மதிப்புண்டு.

1967ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகரில் நடைபெற்ற 'எக்ஸ்போ 67' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவான அப்பொருட்காட்சியில் நுழைவுச் சீட்டே கடவுச்சீட்டு வடிவில் அமைந்திருந்தது. மண்டபந்தோறும் அதில் முத்திரை குத்தப்பட்டது. நாடுகள் தத்தமது வரவேற்புப் பணிப்பெண்களுக்குத் தனித்தனி உடைகளை வடிவமைத்தன. பிரிட்டன் அக்காலத்து நவநாகரிகமான குட்டைப் பாவாடையைத் தெரிவு செய்தது. இந்திய மண்டபத்தில் சேலை காணப்பட்டது. பொருட்காட்சியின் பொதுப் பணிப்பெண்களுக்கான சீருடையை மிஷேல் ரொபிஷோ வடிவமைத்தார். அரை நூற்றாண்டின் பின்னர், 2017இல், மொன்றியலின் மக்கோர்ட் நூதனசாலை அச்சீருடைகளை மையமாகக் கொண்டு ஒரு கண்காட்சியையே நடத்தியது. ஜப்பானின் ஒசாகாவிலும் 1970ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின் பணிப்பெண் சீருடைகள் அதன் ஞாபகார்த்த மண்டபத்தில் பேணப்படுகின்றன.

சீருடையில் அப்படி என்ன இருக்கின்றது? ஒரு நாடு உலகின் முன் தன்னை எவ்வாறு காட்ட விரும்பியது என்பதை அது சொல்கின்றது. அதற்கும் மேலாக, அதிகாரபூர்வ விபரக் கொத்துகள் பெயர் குறிப்பிடாத மனிதர்களை, கதவருகில் நின்றவர்களை, தேநீர் பரிமாறியவர்களை, அது நினைவூட்டுகின்றது.

இவ்விடத்தில் எமது நாட்டின் கதையையும் நோக்க வேண்டும். 1893இல் சிக்காகோவில் இலங்கைக்கென மரத்தாலான அழகிய மண்டபம் ஒன்று அமைக்கப்பட்டது. சிங்களக் கைவினைஞர்களின் செதுக்கல்களால் அலங்கரிக்கப்பட்ட அம்மண்டபத்தின் முக்கிய நோக்கம் இலங்கைத் தேயிலைக்குச் சந்தை தேடுவதே. பொருட்காட்சி முடிந்ததும் ஒரு செல்வந்தர் அதனை வாங்கி விஸ்கொன்சின் மாநிலத்தின் ஏரிக்கரையொன்றில் வசிப்பிடமாக்கினார். 1958இல் அது இடிக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டின் வெம்பிளி பேரரசுப் பொருட்காட்சியிலும் இலங்கை மண்டபம் இடம்பெற்றது. கொழும்பின் முஸ்லிம் மாணிக்க வணிகர்கள் தமது கற்களை இத்தகைய பொருட்காட்சிகளுக்கு எடுத்துச் சென்று கடல் கடந்த வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டனர். மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளியின் உழைப்போ, தோட்டங்களினதும் கம்பனிகளினதும் பெயரிலேயே அங்கு வைக்கப்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் 1952இல் கொழும்பிலேயே கொழும்புத் திட்டப் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்கென வெளியிடப்பட்ட இரு முத்திரைகளை முத்திரை சேகரிப்போர் இன்றும் வைத்திருக்கின்றனர். ஆனால் அங்கு கடமையாற்றியவர்களின் உடைகள், அடையாளச் சின்னங்கள், புகைப்படங்கள் எங்கே?

இத்துறையில் இறங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உள. முதலாவது, உண்மைத்தன்மை. தையல் அடையாளத் துணி, பொத்தான், நூல் ஆகியவற்றை அக்காலப் புகைப்படங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். புற ஊதா விளக்கின் கீழ் நூல் பளிச்சென ஒளிருமாயின், அது இரண்டாம் உலகப் போரின் பின்னர் பரவலான இரசாயனம் சேர்ந்ததாக இருக்கலாம். எனினும், பழைய ஆடையை அண்மைக்காலச் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும் என்பதை மறந்துவிடலாகாது. இரண்டாவது, பேணுகை. எமது ஈரப்பதன் மிக்க காலநிலையில் பொலித்தீன் உறை பூஞ்சணத்தை வளர்க்கும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியிலோ அமிலமற்ற காகிதத்திலோ சுற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, இடைக்கிடை பிரித்துப் பார்ப்பதே நன்று. உலோகச் சின்னங்களைக் கழற்றிப் புறம்பாக வைத்தால் துரு துணியில் ஏறாது.

மூன்றாவதும் முதன்மையானதும் கதையைப் பதிவு செய்வதாகும். அணிந்தவர் யார், எந்த ஆண்டு, எந்த மண்டபம், என்ன பணி என்பன எழுதி வைக்கப்படாத சீருடை வெறும் பழைய துணியே. குறிப்பாகச் சேலைக்கு இது பொருந்தும். மேலங்கியைப் போல் அதில் சின்னம் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. அணிந்தவர் மறைந்ததும் அது ஏனைய சேலைகளுடன் கலந்து விடுகின்றது.

மேல்நாட்டு நூதனசாலைகளுக்கு இத்தகைய ஆடைகள் கிடைப்பதற்குக் காரணம், ஒரு வீட்டின் அலுமாரி ஐம்பது ஆண்டுகள் அசையாமல் இருந்தமையே. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும், 1995இல் யாழ்ப்பாணத்தைவிட்டு ஒரே இரவில் நடந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த வாய்ப்பு இருக்கவில்லை. அவர்கள் கையில் எடுத்துச் சென்றது உயிரும் சில உடுப்புகளுமே. ஆதலால், எஞ்சியிருப்பவை சிலவேயாயினும் அவற்றின் பெறுமதி பன்மடங்கானது.

பொருட்காட்சியில் கடமையாற்றிய ஒரு பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருப்பாராயின், அவரது பெட்டியைத் திறக்கும் முன்னர் அவரோடு பேசுங்கள். அவர் சொல்வதை எழுதி, அந்தத் துணியோடு சேர்த்து வையுங்கள். ஏலத்தில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதைப் பின்னர் பார்க்கலாம். துணியை இன்னும் சில காலம் காப்பாற்ற முடியும். அதனை அணிந்தவரின் நினைவுக்கு அத்தகைய அவகாசம் இல்லை.