இரைச்சலா, இறைவழிபாடா?

மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ராசாவும் அதைச் சுற்றியுள்ள மம்பாவ், லாபு, ரந்தாவ் வட்டாரங்களும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகளால் அறியப்பட்டவை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தொழிலாளர் லயம் இருந்த இடத்திலெல்லாம் ஒரு மாரியம்மன் கோயிலோ முனியாண்டி மேடையோ இருந்தது. திருவிழா என்றால் பறையும் உறுமியும் பம்பையும் உடுக்கையும் ஒலித்தாக வேண்டும். அந்த ஒலி எழும்பாமல் கரகம் ஆடாது, அருள் இறங்காது என்பது தோட்டத்து மக்களின் உறுதியான நம்பிக்கை. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்புகளும் அடுக்குமாடிகளும் வந்தன. பால்வெட்டுக் கத்தியைக் கையால் தொட்டிராத பேரப்பிள்ளைகள் பாட்டன் காலத்து வழக்கங்கள் பலவற்றை விட்டுவிட்டார்கள், உறுமியை மட்டும் விடவில்லை. குழுவின் பெயர் பொறித்த சட்டையோடு தைப்பூசக் காவடிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களில் சிலர் முருகனை ராப்பில் பாடி இணையத்தில் ஏற்றுகிறார்கள். பெரியவர்களில் பலருக்கு இதில் பக்தி தெரிவதில்லை, வெறும் இரைச்சல்தான் கேட்கிறது. அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன், ஆனால் அவர்களின் தீர்ப்பை ஏற்க முடியவில்லை. ஓர் இசை வழிபாடா இல்லையா என்பதை அதன் கருவியோ வேகமோ தீர்மானிப்பதில்லை. யாரை நோக்கிப் பாடுகிறார்கள், என்ன சொல்கிறார்கள், எந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறார்கள் என்ற மூன்றுமே தீர்மானிக்கின்றன.

தமிழரின் பக்தி வரலாறு இதற்குச் சான்று தருகிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனார் செய்த தொண்டு என்ன? கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார். கோயிலுக்குள் நுழைய முடியாதவரின் பக்தி, முரசின் ஒலியாகக் கோயிலுக்குள் நுழைந்தது. திருஞானசம்பந்தருடன் ஊர் ஊராகச் சென்று யாழ் மீட்டிய திருநீலகண்ட யாழ்ப்பாணர், பிறப்பால் பாணர். தேவாரம் பரவியதில் அந்தத் தெருக் கலைஞர் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் மூச்சு வாங்க வைக்கும் சந்தங்களை அடுக்கினார். 19ஆம் நூற்றாண்டில் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், காவடி தூக்கி நடக்கும் மக்களின் நடைமெட்டை எடுத்துக் கழுகுமலை முருகனுக்குக் காவடிச் சிந்து பாடினார். இன்னும் வியப்பானது முத்துசுவாமி தீட்சிதரின் செயல். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான அவர், ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றில் சம்ஸ்கிருதத் துதிகளை அமைத்தார். நோட்டு சுவரங்கள் எனப்படும் அவை ஏறத்தாழ 40. பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அந்நியரின் பட்டாள இசையைத் தெய்வத்துக்குத் திருப்பிவிட அவர் தயங்கவில்லை.

ஒலிப்பதிவு வந்தபோதும் இதுவே நடந்தது. திரையில் துள்ளல் பாடல்களுக்குப் பெயர்பெற்ற எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில்தான் அம்மன் பாடல்கள் தமிழ்நாட்டுத் தெருக்களிலும் மலாயாத் தோட்டத்து ஒலிபெருக்கிகளிலும் முழங்கின. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் காலையில் ஒலிக்கவிடும் வீட்டில், அந்தப் பதிவு இசைத்தட்டுத் தொழில் தந்த புதுமை என்ற நினைவே இன்று யாருக்கும் வருவதில்லை. நாகூர் ஹனிபா அரசியல் மேடையை அதிரவைத்த அதே வெண்கலக் குரலில் இஸ்லாமிய கீதங்களைப் பாடினார். மதம் கடந்து மக்கள் அவற்றைக் கேட்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தொடங்கிவைத்த கீர்த்தனை மரபு ஒரு பக்கம் இருக்க, மதுரையில் இறையியல் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு வேறொரு வழியில் போனார். ‘பரட்டை’ என்று அழைக்கப்பட்ட அவர், ஒடுக்கப்பட்ட கிராமத்து மக்களின் மெட்டிலும் தாளத்திலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். சாவுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கப்பட்ட பறை ஆண்டவர் சந்நிதியில் ஒலிக்கலாம் என்பது அவருக்கு இசைச் சோதனை அன்று, மக்களின் மானத்தை மீட்கும் சமயக் கடமை.

உறுமியைவிடவும் இரைச்சல் என்று ஒதுக்கப்படும் ஹெவி மெட்டல் ராக் இசையின் கதையும் உழைக்கும் மக்களின் கதையே. இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் பிளாக் சப்பாத் குழுவின் கித்தார்க் கலைஞர் டோனி அயோமி, தகரத் தொழிற்சாலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவர். அந்தக் காயத்துக்கு ஏற்பத் தந்திகளைத் தளர்த்தி வாசித்ததும் மெட்டலின் கனத்த ஒலிக்கு ஒரு காரணம். மெட்டல் என்றாலே சாத்தான் வழிபாடு என்ற அச்சம் உலகெங்கும் உண்டு, மலேசியாவிலும் பிளாக் மெட்டல் என்ற அதன் ஒரு கிளையைச் சமய அதிகாரிகள் கண்டித்திருக்கிறார்கள். ஆனால் கடவுள் நம்பிக்கையை வெளிப்படையாகச் சொல்லும் பாடல் ஒன்று பிளாக் சப்பாத்தின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே இருக்கிறது. நமக்கு நெருங்கிய சான்று சிங்கப்பூரில் உள்ளது. 1992இல் அங்கே தொடங்கிய ருத்ரா என்ற குழு, தன் இசையை ‘வேதிக் மெட்டல்’ என்று அழைத்துக்கொண்டது. குழுவின் குரலான கதிர் வேதாந்தம் பயின்றவர். 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வந்த அவர்களின் ‘பிரம்மவித்யா’ தொகுப்புகள் மூன்றும் உபநிடதச் சிந்தனையைச் சுற்றி அமைந்தவை. ‘நான் யார்’ என்ற விசாரணை இடிபோன்ற டிரம்ஸுக்கும் கர்ஜிக்கும் குரலுக்கும் நடுவே நடக்கிறது. காதுக்கு இனிமையில்லை என்று யாரும் சொல்லலாம், அது ரசனை. ஆனால் ருத்திரன் என்ற பெயரிலேயே உக்கிரம் இருக்கிறது. சுடலையில் ஆடும் கடவுளையும் நாக்கை நீட்டி நிற்கும் காளியையும் வணங்கும் சமயத்துக்கு, உக்கிரமான ஓசை அந்நியமாகிவிடுமா?

ராப் நம் நாட்டுத் தமிழ் இளைஞர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின, லத்தீன் இளைஞர்களிடம் பிறந்த இக்கலையை மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழு 1990களில் பிரபலமாக்கியது. அதில் இருந்த யோகி பி, நட்சத்ரா குழுவுடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, தமிழ் ராப்பைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தமிழில் ராப் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் தமிழிலேயே இருக்கிறது. எதுகையும் மோனையும் நம் யாப்பின் அடிப்படை. குறில், நெடில், வல்லினம், மெல்லினம் ஆகியவற்றை அளந்து தாளத்துக்குள் சொல்லை விதைக்கும் சந்தப்பாட்டு நமக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். ராப் பயிலும் பதினாறு வயதுப் பையன் நாக்கைச் சுழற்றப் படும் பாட்டையேதான் திருப்புகழ் ஓதுபவரும் படுகிறார். திறமை ஒன்றாக இருக்க, அதில் ஏற்றும் பொருளைப் பற்றி மட்டுமே நாம் பேச வேண்டியிருக்கிறது. முருகனைப் பாடும் ராப்பில் அந்தப் பொருளும் பழையதே: செய்த தவறு, தாயின் கண்ணீர், வேலை கிடைக்காத வலி, கைவிடாத கடவுள். தேவாரத்தில் அப்பர் தம் சூலை நோயைச் சொல்லி முறையிட்டதும் இந்த வகைதான்.

உலகின் பிற சமயங்களும் இதே வாசலில் நின்று வாதாடியிருக்கின்றன. அமெரிக்காவில் புளூஸ் பியானோ வாசித்துவந்த தாமஸ் டோர்சி 1930களில் அந்தச் சாயலிலேயே கிறிஸ்தவப் பாடல்களை இயற்றியபோது, தேவாலயங்கள் பல அவற்றைச் சேர்க்க மறுத்தன. இன்று காஸ்பல் இசையின் தந்தை என்று அவரையே கொண்டாடுகிறார்கள். அண்டை நாடான இந்தோனேசியாவில், மேற்கு ஜாவாவின் காருட் பகுதிப் பள்ளி மாணவிகள் மூவர் 2014இல் வாய்ஸ் ஆஃப் பசெப்ரோட் என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். முக்காடு அணிந்து மெட்டல் வாசித்ததற்காக வசைகளை வாங்கிய அவர்கள், தொழுகையையும் விடவில்லை, கித்தாரையும் விடவில்லை. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்தார்கள். புதிய இசையை முதலில் மறுப்பதும் ஒரு தலைமுறைக்குப் பின் அதையே மரபு என்று காப்பதும் எந்த ஒரு சமயத்துக்கும் மட்டும் உரிய பழக்கமல்ல.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். ஆகமக் கோயிலுக்கென்று நாதசுரமும் தவிலும் ஓதுவார் குரலும் இருக்கின்றன, அங்கே ராப்பும் மெட்டலும் எதற்கு என்பது முதலாவது. கருவறை முன்னே எலெக்ட்ரிக் கித்தாரை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால பூசைக்கு ஓர் இசை, வீதியுலாவுக்கு ஓர் இசை, காவடிக்கு ஓர் இசை என்று நம் கோயில்களே இடம் பிரித்து வைத்திருக்கின்றன. அந்தப் பிரிவு நல்லது. ஆனால் தோட்டத்து முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் உரிய இசை எப்போதுமே தோற்கருவிகளின் இசைதான். அதைத் தாழ்ந்தது என்பதில் இன்னொரு பேச்சும் மறைந்திருக்கிறது. தோலைத் தொட்டவரைத் தள்ளிவைத்த பழைய சாதிப் பார்வை, ஒலியின் மீதான வெறுப்பாக உருமாறி வருகிறதா என்று ஒவ்வொருவரும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நந்தனார் கொடுத்த தோலில் ஒலித்த பேரிகையைச் சிவன் ஏற்றார் என்று சேக்கிழாரைப் படித்துவிட்டு, உறுமி அடிக்கும் பையனைத் தள்ளிவைப்பது பொருந்தாது.

இரண்டாவது வாதம் கனமானது. தைப்பூசத்தில் சில குழுக்கள் குத்துப்பாட்டு மெட்டுகளை அடிக்கின்றன, போட்டியும் கைகலப்பும் வருகின்றன, குண்டர் கும்பல்களின் நிழல் படிகிறது என்கிறார்கள். இவற்றை மூடிமறைப்பதில் பயனில்லை. காவடி எடுப்பவர் 48 நாள் விரதம் இருக்க, அவர் முன்னே அடிப்பவர் மது அருந்தியிருந்தால் அது வழிபாட்டுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தடையால் இது தீருமா? சிங்கப்பூரில் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இசைக்கான ஏக்கம் தணியவில்லை. இறுதியில் 2016இல் ஊர்வலப் பாதையின் 3 இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. முறைப்படுத்தலே நிலைக்கும் என்பதை அந்த அனுபவம் காட்டுகிறது. கலவரத்துக்கு உறுமி காரணம் என்றால், விரதமிருந்து ஒழுங்காக அடிக்கும் குழுக்களிலும் அது கலவரத்தை மூட்டியிருக்க வேண்டும். மூட்டவில்லையே. பிழை நடத்தையில் இருக்கிறது, நடத்தையைத் திருத்தக் கூடியது பயிற்சி.

மூன்றாவது வாதம், இவர்கள் கடவுளை வைத்துப் புகழும் பணமும் தேடுகிறார்கள் என்பது. சிலர் தேடத்தான் செய்கிறார்கள். சன்மானம் வாங்கிப் பாடிய வித்வான்களிடமும் இசைத்தட்டு விற்ற நிறுவனங்களிடமும் கேட்காத கேள்வியைத் தாமான் வீட்டுப் பையனிடம் மட்டும் கேட்பது நீதியாகாது. கேட்பதானால் எல்லாரிடமும் ஒரே அளவுகோலை வைப்போம். பாட்டு தெய்வத்தை நோக்கியிருக்கிறதா, பாடகனின் வீரத்தைத்தான் பறைசாற்றுகிறதா? சொல்லில் பொருள் இருக்கிறதா, தெய்வப் பெயரை ஒட்டவைத்த வெற்று ஆரவாரமா? பாடுபவர் நோன்புக்கும் ஊர் ஒழுங்குக்கும் கட்டுப்படுகிறாரா? இந்த அளவுகோலில் தோற்கும் ராப் பாடல்கள் ஏராளம். செவ்வியல் மேடைக் கச்சேரிகளிலும் சில தோற்கும்.

ஆகவே ராசா வட்டாரத்துக் கோயில்களுக்கும் நாட்டின் மற்றத் தமிழர் கோயில்களுக்கும் என் வேண்டுகோள் இது. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் திருமுறை ஓதும் விழா நடத்திப் பல தலைமுறைப் பிள்ளைகளைத் தேவாரத்தோடு பிணைத்திருக்கிறது. அந்த அக்கறையில் ஒரு பங்கை உறுமிக்கும் ராப்புக்கும் கொடுங்கள். கோயில் மண்டபத்தில் வார இறுதி உறுமி வகுப்பு நடக்கட்டும். அடிக்கும் தாளத்தோடு, அந்தத் தாளம் எந்தத் தெய்வத்துக்கு, எந்தச் சடங்குக்கு உரியது என்பதையும் மூத்த தோட்டத்துக் கலைஞர்கள் சொல்லித் தரட்டும். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் திருப்புகழ்ச் சந்தத்தை ராப் எழுதும் மாணவர்களுக்கு அறிமுகம் செய்யட்டும். காவடிக்கு அடிக்கும் குழுவும் விரதம் இருக்க வேண்டும் என்பதைக் கோயில் நிர்வாகம் நிபந்தனையாக்கட்டும். தோட்டம் கலைந்தபோது நிலம், வேலை, அக்கம்பக்கம் என்று பலவற்றை இழந்த சமூகத்தில், பிள்ளைகள் தாமாகவே விரும்பிச் சுமந்துவரும் சமய வழக்கங்கள் மிகச் சில. உறுமி அவற்றுள் ஒன்று. கோயில் அவர்களைத் தள்ளிவைத்தால் அவர்கள் அடிப்பதை நிறுத்தப் போவதில்லை, கோயிலுக்கு வெளியே, யாருக்கும் பொறுப்பில்லாமல் அடிப்பார்கள். நாம் அஞ்சும் எல்லாக் கேடுகளும் அங்கேதான் வளர்கின்றன.