9 கேசட் திருடியவருக்கு 50 வருஷம்! கோடீசுவரருக்கு 22 மாதம்!

கடையில் கேசட் திருடினால் என்ன தண்டனை? நாலு தட்டு தட்டி, சில மாசம் உள்ளே தள்ளுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அமெரிக்காவில் ஒருவருக்கு 50 வருஷம் தீட்டிவிட்டார்கள்!

கலிபோர்னியாவில் 1995 நவம்பரில் நடந்த சங்கதி இது. ஹெராயின் பழக்கத்துக்கு அடிமையான ஒரு முன்னாள் ராணுவ வீரர், இரண்டு கடைகளில் 9 வீடியோ கேசட்டுகளைச் சுருட்டினார். இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டார். கேசட்டுகளின் மொத்த விலை 153 டாலர்.

பழைய கேஸ்

அவர் மீது வீடு புகுந்து திருடிய பழைய கேஸ்கள் இருந்தன. மூன்றாம் தடவை மாட்டினால் ஆயுள் என்று 1994-ல் அங்கே சட்டம் வந்திருந்தது. கடைக்கு 25 வருஷம் வீதம் 50 வருஷம்! அதற்குப் பிறகுதான் பரோல் பேச்சே! 2003-ல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்தது. 9 நீதிபதிகளில் 5 பேர் தண்டனை சரி என்றனர்.

பெரிய புள்ளி

மைக்கேல் மில்கன், வால் ஸ்டிரீட் கடன் பத்திர மன்னர். 1987-ல் மட்டும் சம்பாதித்தது சுமார் 55 கோடி டாலர்! 1990-ல் 6 குற்றங்களை ஒப்புக்கொண்டார். 60 கோடி டாலர் கட்டினார். 10 வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. சகாக்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னதால் அது குறைந்தது. 22 மாதத்தில் வெளியே வந்துவிட்டார். 2020-ல் ஜனாதிபதி டிரம்ப் மன்னிப்பும் கொடுத்தார்.

2012-ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

பெரிய புள்ளியிடம் பணம் இருந்தது, காட்டிக்கொடுக்கக் கூட்டாளிகளும் இருந்தார்கள். கேசட் ஆசாமியிடம் பேரம் பேச என்ன இருந்தது?