கணப்பு எரிகிறது, வீடு குளிர்கிறது!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மான்ட், மெயின் மாநிலங்களில் நூறாண்டு கடந்த மரவீடுகள் ஏராளம். 1973-இல் எண்ணெய் விலை ஏறத் தொடங்கியபின் அங்குப் பலர் மீண்டும் விறகுக்குத் திரும்பினர். கூடத்தில் ஓர் இரும்புக் கணப்பு; அதிலிருந்து கூரைக்கு மேல் செல்லும் புகைபோக்கி. விறகு கொழுந்துவிட்டு எரிகிறது. ஆனாலும் சன்னலோரம் இருப்பவர் போர்வையை விடமாட்டார். ஏன்?

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வீட்டில் 20 சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்கள் இருப்பதாகக் கொள்வோம். உள்ளே 20 டிகிரி செல்சியஸ். வெளியே உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி. கண்ணாடி வழியே மட்டும் ஏறத்தாழ 3.4 கிலோவாட் வெப்பம் வெளியேறும். நன்கு வெப்பக்காப்பு செய்த சுவரானால் அதே பரப்பில் இழப்பு இருபதில் ஒரு பங்குதான். ஒரு கிலோ உலர்ந்த விறகு நல்ல கணப்பில் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். ஆகவே, சன்னல்களுக்கென்றே நாளொன்றுக்கு 27 கிலோ விறகு போடவேண்டும்!

கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, கீழிறங்கித் தரையோடு பரவுகிறது. சன்னல் இறுக மூடியிருந்தும் காலில் சில்லென்று படுவது இதுதான். இல்லாத இடுக்கைத் தேடி வீட்டார் அலைவதும் உண்டு.

இருக்கும் இடுக்குகளோ வேறு விதம். வெப்பக்காற்று இலேசானது, மேலேறிப் பரண் கதவு, கூரை இடுக்குகள் வழியே நழுவிவிடும். அந்த இடத்தை நிரப்பக் கீழ் இடுக்குகளில் குளிர்காற்று நுழையும். வீடே ஒரு புகைபோக்கி ஆகிவிடுகிறது! 300 கனமீட்டர் வீட்டில் மணிக்கு ஒருமுறை காற்று முழுதும் மாறினால், அதைச் சூடாக்கவே மேலும் 3 கிலோவாட் தேவை. ஆகவே முதலில் அடைக்க வேண்டியது மேல் இடுக்குகளையே. நம் ஊதுவத்தி போதும். ஏற்றிப் பிடித்தால் புகை வளையும் இடம் இடுக்கைக் காட்டிவிடும்.

சன்னலுக்கு உட்புறம் தெளிந்த பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினால், இடையில் சிறைப்பட்ட காற்று இழப்பை ஏறக்குறைய பாதியாக்கும். கனத்த திரையும் நல்லதே. ஆனால் மேலும் கீழும் திறந்து தொங்கினால், திரைக்குப் பின்னே குளிர்காற்று அருவியாய் இறங்கும்.

இனி விறகு. பச்சை மரத்தின் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கலாம். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகும். அரைகுறையாய் எரிந்த புகை, புகைபோக்கியில் தாராய்ப் படிந்து ஒருநாள் தீப்பற்றவும் கூடும். பிளந்து அடுக்கி, ஓராண்டாவது உலர்த்துவது இதனால்தான்.

எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டால் போதுமா? அங்கேதான் ஆபத்து. நெருப்புக்கும் காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் புகை வீட்டுக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. உறங்குபவர் விழிக்காமலே போகலாம். எனவே கணப்புள்ள வீட்டில் அவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி கட்டாயம் வேண்டும்.

1744-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் கணப்பைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். தரைக்கடியில் ஒரு வழி அமைத்து, வெளிக்காற்றைச் சூடேற்றிக் கூடத்தில் விடுவது அவர் திட்டம். காப்புரிமை தர ஆளுநர் முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. இன்றைய கணப்புகள் பலவற்றில், எரிவதற்கான காற்றையே வெளியிலிருந்து நேராகக் கொணரும் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம்.