பல்லுக்கு செராமிக் கேப்: வாரண்டி கேப்புக்குத்தான்... உள்ளே இருக்கும் பல்லுக்கு?

ஞாயிற்றுக்கிழமை மதியம். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் நண்டுக் குழம்பு வாசம். நண்டுக் காலை உடைக்க யாரும் கருவி தேடுவதில்லை, கடைவாய்ப்பல் இருக்கிறதே! 'கடக்' என்று ஒரு சத்தம். உடைந்தது ஓடா, பல்லா என்பதை நாக்கு தடவிப் பார்த்துச் சொல்லிவிடும்.

அப்படி உடைவது பெரும்பாலும் ஏற்கெனவே பலவீனமான பல்தான். பெரிய சொத்தையை அடைத்த பல்லாக இருக்கும். இல்லையென்றால் ரூட் கெனால் செய்துவிட்டு, 'வலிதான் போயிடுச்சே, கேப் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்ட பல்லாக இருக்கும்.

அடுத்து கிளினிக். மெட்டல், செராமிக், சிர்கோனியா என்று ஒரு விலைப்பட்டியல். 5 வருஷம், 10 வருஷம், 15 வருஷம் என்று வாரண்டி அட்டைகள். புது போன் வாங்குவது போலவே இருக்கும். ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அந்த வாரண்டி கேப்புக்கு மட்டும்தான். அதைத் தாங்கி நிற்கும் பல்லுக்கு யாரும் வாரண்டி தர முடியாது. கேப் பற்றி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேப் என்ன செய்கிறது?

உலக்கை நுனி பிளக்காமல் இருக்க இரும்புப் பூண் போடுவார்கள் அல்லவா? கேப் செய்வதும் அதே வேலைதான். பலவீனமான பல்லை நாலா பக்கமும் சுற்றிப் பிடித்து, கடிக்கும்போது வரும் அழுத்தத்தில் அது பிளந்துவிடாமல் காக்கிறது.

பூண் நிற்க வேண்டுமென்றால் உள்ளே கட்டை வேண்டும். அதனால்தான், ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மி.மீ. உயரத்துக்காவது நல்ல பல் மிச்சம் இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். அது இல்லாத பல்லுக்கு எவ்வளவு விலை உயர்ந்த கேப் போட்டாலும், கேப் கழன்று வரவோ வேர் பிளக்கவோ வாய்ப்பு அதிகம்.

எப்போது தேவை? எப்போது வேண்டாம்?

ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் கேப் தேவை. சொத்தை அரித்தது போக, சிகிச்சைக்காகத் துளையிட்டதிலும் பல்லின் உட்பகுதி குறைந்திருக்கும். மிச்சமிருப்பது மெல்லிய சுவர்கள்தான். அமெரிக்காவின் ஐயோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்களை இழக்கும் வேகம், கேப் போட்ட பற்களைவிட 6 மடங்கு அதிகம் என்றது அது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பதன் விலை இதுதான்.

விரிசல் விட்ட பல், பாதிக்கு மேல் உடைந்த பல் ஆகியவற்றுக்கும் கேப் கைகொடுக்கும்.

ஆனால், சின்ன சொத்தைக்கு ஃபில்லிங் போதும். ரூட் கெனால் செய்த முன்பல் பெருமளவு முழுசாக இருந்தால், பல நேரங்களில் அதற்கும் ஃபில்லிங்கே போதும். மேல்பகுதி மட்டும் உடைந்திருந்தால், 'ஆன்லே' எனும் பாதி மூடியைப் பற்றிக் கேட்கலாம். 'சிரிச்சா அழகா இருக்கணும்' என்பதற்காக மட்டும் நல்ல பல்லை அரைத்து கேப் போடுவதற்கு முன் பலமுறை யோசியுங்கள்.

காரணம், செராமிக் கேப்புக்கு இடம் கொடுக்கப் பல்லைச் சுற்றி சுமார் 1 முதல் 2 மி.மீ. வரை அரைக்க வேண்டும். எனாமல் திரும்ப வளராது. ஒரு முறை கேப் போட்ட பல்லுக்கு, வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு கேப் தேவைப்படும்.

எந்த மெட்டீரியல்?

*உலோகத்தின் மேல் செராமிக்:* 1960-களில் இருந்து புழக்கத்தில் இருப்பது. உறுதியானது, விலையும் குறைவு. மேலிருக்கும் செராமிக் சில்லு பெயரலாம். ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம்.

*லித்தியம் டைசிலிகேட்:* 'இ-மேக்ஸ்' என்ற பெயரில் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்கைப் பல் போலவே ஒளியை ஊடுருவ விடும். முன்பற்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

*சிர்கோனியா:* பல் செராமிக்குகளில் அதிக வலிமை கொண்டது. கடைவாய்க்கு நல்ல தேர்வு. பழைய வகைகள் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தன; புதிய வகைகள் தேவலாம். ஆனால், ஒளி அதிகம் ஊடுருவும் வகைகளில் வலிமை சற்றுக் குறையும்.

வில்லியனூரில் சுடுமண் பொம்மை செய்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: சூளையில் வேகும்போது மண் சுருங்கும். சிர்கோனியாவும் அப்படித்தான். அதனால் லேபில் கேப்பை 20 முதல் 25 சதவீதம் வரை பெரிதாகச் செதுக்கி, சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் சுட்டு, சரியான அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஒரு பிரெஞ்சுத் தொடர்பு

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1728-ல், பிரான்சில் பியர் ஃபோஷார் எழுதிய நூல்தான் நவீன பல் மருத்துவத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1770-களில் அலெக்சி துஷாத்தோ என்ற பிரெஞ்சு மருந்தாளர், தன் தந்தப் பல்செட்டில் வீசிய நாற்றம் தாங்காமல் பீங்கானில் பல்செட் செய்ய முயன்றார். பீங்கான் வாசனையையும் கறையையும் உறிஞ்சாது என்பதே காரணம். 1889-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட், உடைந்த பல்லின் மேலேயே பொருத்தும் பீங்கான் உறைக்குக் காப்புரிமை பெற்றார். பல்லை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கேப் வடிவமைக்கும் யோசனையை 1973-ல் ஆய்வேடாக எழுதியவர் ஃபிரான்சுவா துரே. அவரும் பிரெஞ்சுக்காரர்தான்.

எத்தனை முறை போக வேண்டும்?

வழக்கமாக இரண்டு முறை. முதல் முறை எக்ஸ்ரே பார்த்து, சொத்தையை முழுசாக நீக்கி, தேவைப்பட்டால் உள்ளே கட்டமைத்து, பல்லை அரைத்து அளவெடுப்பார்கள். அளவு அச்சாகவும் இருக்கலாம், ஸ்கேனாகவும் இருக்கலாம். நிஜ கேப் வரும்வரை தற்காலிக கேப். அடுத்த முறை நிறம், ஓரம், கடி மூன்றையும் பார்த்துவிட்டு ஒட்டுவார்கள்.

ஒட்டிய பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் இடிப்பது போல இருந்தால், 'பழகிடும்' என்று விடாதீர்கள். உடனே போய்ச் சரிசெய்யுங்கள்.

கேப் சொத்தையாகாது, பல் சொத்தையாகும்

கேப்பின் ஓரம் பல்லோடு சேரும் இடம்தான் பலவீனமான புள்ளி. அங்கே உணவு தங்கினால் உள்ளே சத்தமில்லாமல் சொத்தை ஏறும். ரூட் கெனால் செய்த பல் என்றால் நரம்பு இருக்காது. வலித்து எச்சரிக்கவும் செய்யாது. எனவே ஃபுளோரைடு பேஸ்ட்டில் தினமும் இரண்டு முறை பிரஷ், இரவில் ஃபிளாஸ், அவ்வப்போது பரிசோதனை. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் நைட் கார்டு பற்றிக் கேளுங்கள். நண்டு ஓட்டுக்கும் சோடா மூடிக்கும் வேறு கருவி தேடுங்கள்!

கேப் கழன்று விழுந்தால் பத்திரமாக எடுத்துக்கொண்டு சீக்கிரம் கிளினிக் போங்கள். வீட்டில் இருக்கும் ஃபெவிக்விக்கால் ஒட்டவே கூடாது.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. கேப் தாங்கும் அளவுக்கு என் பல் மிச்சம் இருக்கா? எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா?
2. ஃபில்லிங்கோ ஆன்லேவோ போதாதா?
3. இந்தப் பல்லுக்கு ஏன் இந்த மெட்டீரியல்?
4. ரூட் கெனால், உள் கட்டமைப்பு, கேப் மூன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு?

செலவு கையைக் கடித்தால் பல் மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். புதுச்சேரியில் கோரிமேடு பகுதியில் அரசின் மகாத்மா காந்தி முதுநிலை பல் மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இதுபோன்ற கல்லூரிகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு. நேரமும் நடையும் கொஞ்சம் கூடுதல்.

15 வருஷ வாரண்டி அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அதில் எழுதப்படாத இன்னொரு வாரண்டி, தினமும் இரவு நீங்கள் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதில் இருக்கிறது.