அடுப்பைத் திருத்துவதா, மாற்றுவதா?

விறகு சீக்கிரம் முடிந்தால் விறகையே குறை சொல்கிறோம். சோறு வேகப் பிந்தினால் சமைப்பவரைக் குறை சொல்கிறோம். அடுப்பைக் குனிந்து பார்ப்பது குறைவு.

இடம்பெயர்ந்து கொட்டிலில் வாழும் எமக்கு இது சிறிய விடயமல்ல. விறகு தேடிப் பெண்களும் பிள்ளைகளும் வெகுதூரம் நடக்கிறார்கள். கண்ணிவெடி அகற்றும் பணி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. அடுப்பு நன்றாக இருந்தால் அந்த நடை குறையும். புகையும் குறையும். வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

எங்களில் பலரிடம் உள்ளது இரண்டு பானை வைக்கும் சுட்ட களிமண் அடுப்பு. 1980களிலிருந்து 'அனகி' என்ற பெயரில் இது நாடெங்கும் பரவியது. முதற் பானையின் கீழ் எரியும் தீ உள்வழியாக இரண்டாம் பானைக்குச் செல்கிறது. நல்ல நிலையில் இருந்தால், மூன்று கல் அடுப்புக்கு வேண்டிய விறகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். பழுதடைந்தால் அந்த இலாபம் போய்விடும்.

முதலில் விறகைச் சோதிப்போம்

இரண்டு கொள்ளிகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்த விறகு கணீரென ஒலிக்கும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். காய்ந்த விறகை எண்ணி எடுத்து, வழக்கமான பானையில் வழக்கமான அளவு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். முன்பு நான்கு கொள்ளி போதுமாயிருந்து இப்போது ஆறு வேண்டுமானால் குறை அடுப்பில்தான்.

அடுப்பு காட்டும் அடையாளங்கள்

1. தீயும் புகையும் விறகு வைக்கும் வாயால் திரும்பி வருதல். உள்வழியில் சாம்பலும் கரியும் அடைத்திருக்கும்.

2. முதற் பானை கொதித்தும் இரண்டாவது சூடேறாதிருத்தல். இதற்கும் அடைப்பு காரணமாகலாம். அல்லது இரண்டுக்கும் நடுவிலுள்ள பாலம் உடைந்திருக்கலாம்.

3. பானை ஆடுதல். குமிழ்கள் தேய்ந்துவிட்டன. இதை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். கொதிக்கும் கஞ்சி சரிந்தால் அருகில் விளையாடும் பிள்ளையின் மேல்தான் விழும்.

4. சுவரில் வெடிப்பு. இருட்டியபின், ஆறிய அடுப்புக்குள் ஒரு சிறு விளக்கை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தால் சூடும் கசிகிறது.

திருத்தக்கூடியவை

அடைப்பு, மேலோட்டமான வெடிப்பு, தேய்ந்த குமிழ், கழன்ற வெளிப்பூச்சு ஆகியவற்றை நாமே திருத்தலாம். புற்றுமண்ணை அரித்தெடுத்து, சிறிது மணல், சாணகம், சிறிதாக வெட்டிய வைக்கோல் அல்லது உமி சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு ஊற விடுங்கள். வெடிப்பிலுள்ள உதிர்மண்ணைச் சுரண்டி, தண்ணீரால் நனைத்து, கலவையை ஆழமாக அழுத்துங்கள். நனைக்காத இடத்தில் புது மண் ஒட்டாது.

சீமெந்து பூச வேண்டாம். கடும் சூட்டில் அது வெடித்து உதிரும்.

பூசியபின் நிழலில் மூன்று நான்கு நாட்கள் காய விடுங்கள். பின்னர் சிறு தீயாக மூட்டுங்கள். ஈரம் இருக்கும்போது பெருந்தீ வைத்தால், உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி மண்ணைப் பிளக்கும். மழை வெள்ளத்தில் நனைந்த அடுப்புக்கும் இதே முறைதான்.

மாற்ற வேண்டியவை

வெடிப்பு மேலிருந்து அடிவரை ஊடுருவியிருந்தால், நடுப்பாலம் இடிந்திருந்தால், விரலால் தேய்க்கும்போது சுவர் மாவாக உதிர்ந்தால், இரு தடவை பூசிய அதே இடம் மீண்டும் பிளந்தால், இனித் திருத்துவது வீண் வேலை. புதியதை வையுங்கள். அதைச் சுற்றி மண் அணைத்துப் பூசினால் சூடு தங்கும். அடுப்பும் கூடிய காலம் உழைக்கும். பழைய அடுப்பை எறிய வேண்டாம். அதன் சுட்ட துண்டுகளை இடித்துப் பொடியாக்கி, வெளிப்பூச்சு மண்ணோடு சேர்த்தால் வெடிப்பு குறையும்.

வைக்கும் இடம்

நல்ல அடுப்பும் தவறான இடத்தில் ஆபத்தே. கிடுகுச் சுவருக்கும் தறப்பாளுக்கும் விலக்கி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். குளிருக்காகத் தணலைக் கொட்டிலுக்குள் வைத்து மூடிக்கொண்டு உறங்க வேண்டாம். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும்.

கிழமைக்கு ஒரு தடவை சாம்பலை முழுதாக அள்ளி, உள்வழியில் கையை விட்டுப் பார்ப்போம். மண்வெட்டியையும் கத்தியையும் பார்த்துப் பேணுகிற நாம், நாளுக்கு மூன்று வேளை எரியும் அடுப்பையும் அப்படியே பார்க்க வேண்டாமா?