மூன்று கோயில், ஏழு கிணறு, ஒரு பஸ்

திருகோணமலைப் பிரட்றிக் கோட்டை வாசலில் காலையில் வந்து நிற்கும் முதியோர் சங்க பஸ்ஸிலிருந்து முதலில் இறங்குவது ஊன்றுகோல். பிறகு கால். அதற்குப் பிறகுதான் ஆள். நடத்துநர் கைகொடுக்க, பின்னால் நிற்பவர் “அவசரமில்லை, மெதுவா இறங்குங்கோ அம்மா” என்பார். ஒரு பஸ் நிறைந்த கூட்டம் இறங்கி முடிவதற்குள் கால்மணி நேரம் ஓடிவிடும். பயணத் திட்டம் போடும் இளைஞர்கள் கணக்கில் சேர்க்காமல் விடுவது இந்தக் கால்மணி நேரத்தைத்தான்.

திருகோணமலையில் முதியோரின் ஒருநாள் கோயில் பயணம் என்றால் பட்டியல் கோணேசரில்தான் தொடங்கும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம். ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற இரண்டு தலங்களில் ஒன்று, மற்றது திருக்கேதீச்சரம். கோட்டைக்குள்ளே கோயில் நிற்கும் சுவாமி மலையின் உச்சி கடலுக்கு மேல் ஏறத்தாழ 400 அடி. கோட்டைக்குள் நுழையும்போதே வாசற்கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் தெரியும். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்துக் கட்டிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர், இன்று இலங்கை இராணுவம். காவற்காரர் யாராக இருந்தாலும் உள்ளே மேயும் மான்களுக்குக் கவலையில்லை. பையில் வாழைப்பழம் இருப்பது தெரிந்தால் பாட்டிமாரின் சேலைத் தலைப்பை விடாமல் பின்தொடரும்.

இன்றைய கோயிலின் வயதும் பஸ்ஸில் வருகிறவர்களின் வயதும் கிட்டத்தட்ட ஒன்று. 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது பழைய கோயிலின் செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் மூழ்கி, இடிந்த கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். திருப்பணி முடிந்து 1963 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. பெற்றோரின் தோளில் இருந்து அந்தக் கும்பாபிஷேகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

கோயிலின் பக்கத்தில் செங்குத்தாகப் பிளந்து நிற்கும் பாறை இராவணன் வெட்டு. நோயுற்ற தாய் கோணேசரை வழிபட மலைக்கு வர முடியவில்லை என்று, மகன் மலையையே பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தான் என்பது தலக்கதை. பக்தியைவிட நடமாட்டப் பிரச்சினையே இந்தக் கதையின் வேர். வயதான தாய்க்கு ஏற்றம் ஏற முடியாது. அதற்கு மகன் கண்ட வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. இன்றைய மகன்மாருக்கு முச்சக்கரவண்டி இருக்கிறது. முழங்கால் வலிக்காரரை ஏற்றத்தில் நடக்கவிட்டு, “சாமி கும்பிடப் போறவைக்குக் களைப்பு வராது” என்று சொல்லும் அமைப்பாளரை அடுத்த பயணத்தில் மாற்றிவிடுவது நல்லது.

ஏற முடியாதவர்களுக்கு ஊர் வேறு வழியும் வைத்திருக்கிறது. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருவார். வீதிதோறும் வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். படுக்கையில் இருக்கும் அப்பப்பாவைக் கதிரையோடு தூக்கி வந்து படலையடியில் இருத்தும் வீடுகளும் உண்டு.

மலையிலிருந்து இறங்கினால் மைதானத்தின் அருகிலேயே பத்திரகாளி அம்மன் கோயில். சமதரை, நடை குறைவு. உள்ளே தூணும் விதானமும் வண்ணச் சிற்பங்களால் நிறைந்திருக்கும். கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும், பிரஷர் மாத்திரை போட மறந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இந்த இரண்டு கோயில்களையும் முற்பகலுக்குள் முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உச்சிப் பூசை முடிந்ததும் பல கோயில்களில் நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள். பன்னிரண்டரைக்குக் கோயில் வாசலில் போய் நின்று, பூட்டிய கதவைக் கும்பிட்டுத் திரும்பிய குழுக்கள் ஏராளம். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அனலாக வீசும் ஊரில் இந்தப் பிழை சிறியதல்ல. ஒக்டோபருக்குப் பிறகோ வாடைக்கால மழை.

நடுப்பகல் ஓய்வுக்குப் பெரும்பாலான குழுக்கள் நினைப்பது கன்னியாவை. அநுராதபுர வீதியில் நகரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர். பக்கம் பக்கமாக ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். எந்தக் கிணற்றில் சூடு அதிகம் என்று விரல் நுனியை வைத்துப் பார்ப்பதில் எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுப் பிள்ளையாகிவிடுவார். ஆனால் உச்சி வெயிலில் வெந்நீர்க் குளிப்பு இருதய நோயாளிக்கும் பிரஷர்க்காரருக்கும் ஆகாது. அவர்களுக்கு மாலையோ அதிகாலையோதான் சரி.

இங்கேயும் கதை இராவணனின் தாயைப் பற்றியதுதான். அவள் இறந்தாள் என்று கேட்டு, ஈமக்கடனுக்கு நீர் வேண்டி அவன் நிலத்தில் ஏழு இடங்களில் குத்தினான் என்பார்கள். திருகோணமலைச் சைவர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை இங்கே செய்துவந்தார்கள். ஆகவே சங்கத்துப் பயணமாக வரும் ஒருவருக்கு இது குளிக்கும் இடம். பக்கத்தில் இருப்பவருக்கு மனைவிக்குக் கடைசிக் கடன் செய்த இடம். அவர் கிணற்றடிக்குப் போகாமல் பஸ்ஸிலேயே இருந்தால் கட்டாயப்படுத்தக் கூடாது. தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ள இந்த வளாகத்தில் பிள்ளையார் கோயில் நிலம் தொடர்பாக 2019 ஜூலையில் போராட்டமும் நடந்தது. அதைப் பற்றிய பேச்சு பஸ்ஸுக்குள் எழாமல் போகாது.

பின்னேரத்துக்குத் தம்பலகாமம். நகரிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர், நெல்வயல்களின் நடுவே ஆதி கோணநாயகர். மலைக்கோயில் இடிபட்டபோது காப்பாற்றிய திருமேனிகள் இங்கே வந்து சேர்ந்தன என்பது ஊர் மரபு. ஏற்றமில்லை, நெரிசலில்லை, காற்று வயலில் இருந்து வரும். வயதானவர்களுக்குத் திருகோணமலையில் மிகப் பொருத்தமான கோயில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் அநேகமான பட்டியல்களில் இது கடைசியில், “நேரமிருந்தால்” என்ற குறிப்போடு இருக்கும்.

அப்படியே வெருகலுக்கும் போய்விடலாமே என்று யாராவது கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. 2009இல் 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, துறையடியில் ‘பாதை’ எனும் மிதவைக்குக் காத்திருந்து வாகனத்தை அதில் ஏற்றி, இப்படி ஒவ்வொரு ஆறாகக் கடந்துதான் மூதூரும் வெருகலும் போனார்கள். வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழாவுக்கு அப்படிப் போய்வந்த தலைமுறைதான் இன்று பஸ்ஸில் இருப்பது. பாலம் வந்தபின் நேரம் மிச்சம்தான். அதற்காக அதே நாளில் அதையும் அடைப்பது வேண்டாம். தனியே ஒரு நாள் கொடுக்கலாம்.

இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பிரதேச செயலகங்களின் வழிகாட்டலில் கிராமந்தோறும் முதியோர் சங்கங்கள் உருவாகின. சந்தா, நன்கொடை, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் காசு என்று இவற்றின் பயணச் செலவு ஒப்பேறும். அரசே பணம் போட்ட உதாரணங்கள் இந்தியாவில். தமிழக அறநிலையத் துறை 2024 ஜனவரியில் 1,000 பேரைக் கட்டணமின்றி அறுபடை வீடுகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியது. வயது வரம்பு 60 முதல் 70. எழுபதைத் தாண்டியவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி அப்போதே எழத்தான் செய்யும். டெல்லி அரசின் திட்டம் துணைக்கு ஓர் ஆளையும் சேர்த்துக்கொண்டது. அதன் தடங்களில் அரித்துவார், ரிஷிகேஷ் ஒருபுறம். அமிர்தசரஸ் பொற்கோயிலும் ஆனந்தபூர் சாகிபும் மறுபுறம்.

கோயிலையும் சீக்கியரின் குருத்வாராவையும் ஒரே நாளில் பார்க்கக் கனடாத் தமிழருக்கு நீண்ட பயணம்கூட வேண்டாம். வான்கூவரை அடுத்த ரிச்மண்டில் ஐந்தாம் இலக்க வீதியில் சுப்பிரமணிய சுவாமி கோயிலும் நானக் நிவாஸ் குருத்வாராவும், கூடவே பள்ளிவாசலும் பௌத்த ஆலயமும் வரிசையாக இருக்கின்றன. குருத்வாராவில் முதியவர்களுக்குப் பிடித்துப்போவது லங்கர். தலையை மூடி, கால் கழுவி, வரிசையில் அமர்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும். நம் அன்னதான மடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகவே தோன்றாது. நிலத்தில் சம்மணமிட முடியாதவர்களுக்குப் பல குருத்வாராக்களில் வாங்கு போட்டிருக்கிறார்கள்.

திருகோணமலையில் குருத்வாரா இல்லை. ஆனால் குருநானக் (1469–1539) தென்திசைப் பயணத்தில் ஈழத்துக்கு வந்து சிவநாபன் என்ற அரசனைச் சந்தித்தார் என்கிறது சீக்கிய மரபு. அந்த இடம் மட்டக்களப்புப் பகுதி என்று சீக்கிய ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். குருக்கள்மடத்தின் பெயரும் அடிபடுகிறது. இராமேசுவரத்தில் அவர் நினைவாகக் குருத்வாராவே இருக்கிறது. வெருகலைத் தாண்டி மட்டக்களப்புவரை போகும் சங்கங்கள் இந்தக் கதையை பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போகலாம்.

சிங்கள யாத்திரைக் குழுக்களில் “நடே குரா” என்று ஒருவர் இருப்பார். பலமுறை போய்வந்த மூத்தவர். எங்கே நிறுத்துவது, எங்கே சமைப்பது, யாருக்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கும். கோணேசர் கோயிலில் அப்படிப்பட்ட குழுக்களை அடிக்கடி காணலாம். நம் சங்கங்களில் அந்த வேலையைச் செயலாளர், பொருளாளர், தேநீர்ப் பொறுப்பாளர் என்று மூன்று பேர் பங்கிட்டு, மூவருமே கழிவறை எங்கே என்று விசாரிக்க மறந்துவிடுவார்கள். பயணத்துக்கு முன் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய் அதை மட்டும் பார்த்துவந்தால் போதும்; அடுத்த வருடமும் பஸ் நிறையும்.